மட்டக்குதிரைக்கு முன்னால் ஓடியவன்

கண்டியில் குதிரைகளை வாடகைக்கு விடும் லாயம் ஒன்றில் நான் எட்டு ஆண்டுகள் ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன்தான். கோப்பித் தோட்டங்களுக்குப் போகிற துரைமார் குதிரைமேல் இருப்பார்கள். குதிரைக்காரன் முன்னால் ஓடுவான். ஏற்றத்தில் நடை, இறக்கத்தில் ஓட்டம், மரப்பாலம் வந்தால் பலகையை மிதித்துப் பார்க்க ஒரு நிமிடம். பிற்காலத்தில் பத்திரிகை அச்சகமொன்றில் சேர்ந்து செய்தி எழுதப் பழகியபோது, யார், எங்கே, எந்த வழியாக என்று முதலில் கேட்கச் சொல்லித் தந்தார்கள். அதை அப்போதே கேட்கத் தெரிந்திருந்தால் ஒரு பையனின் ஏழு வருஷம் வேறு மாதிரிப் போயிருக்கும்.

பையன் லாயத்து முதலாளியின் அக்கா மகன். தகப்பன் மௌத்தாகி அடக்கமான பிறகு தாயோடு மாமா வீட்டுக்கு வந்தவன். எட்டு வயதில் அவனை முதன்முதலில் மட்டக்குதிரை மேல் தூக்கி வைத்தது நான்தான். தெல்தோட்டைக்கோ ஹேவாஹெட்டவுக்கோ கொண்டுபோய்விட வேண்டிய குதிரைகளில் சின்னதில் அவன் ஏறிக்கொள்வான். நான் முன்னால் ஓடுவேன். பதினைந்து வயதிலும் அப்படியேதான். கால்கள் மட்டும் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கின.

"தம்பி, நீங்க குதிரை மேல போறீங்களா, குதிரை உங்க காலுக்கு நடுவுல போவுதா?" என்று கேட்பேன்.

"பெரிய குதிரை தாங்க, சொன்னா சொன்ன இடத்துக்குப் போய்க் காட்டுறேன்" என்பான்.

அந்த வருஷம் கோப்பிக்கொட்டை காயவைக்கும் ஸ்டோர் ஒன்றுக்குக் கடிதக்காரன் தேவைப்பட்டான். காலையில் ஹேவாஹெட்டத் தோட்டங்களுக்குக் கடிதப் பையைக் கொண்டுபோய், பதிலோடு ஸ்டோரின் மாலை மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். மட்டக்குதிரைக்கு அந்த வேகம் வராது. கூட ஒருவன் ஓடினால் பெரிய குதிரைக்கும் அந்த வேகம் வராது. ஆகவே தனியாகத்தான் போக வேண்டும் என்று ஸ்டோர் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி மருமகனுக்காகப் பேசிப் பத்து நாள் தவணை வாங்கி வந்தார்; பத்தாம் நாள் பையோடு தனியே போய்வந்து காட்ட வேண்டும்.

"சரிவந்தா உம்மாவோட இங்கயே ஈக்கலாம், மகன். சரிவராட்டிக் காலிக்குப் போ. சாச்சாட கடையில துணி கிழி."

பையன் அந்தச் சித்தப்பாவின் துணிக்கடையில் ஒரு முறை மூன்று மாதம் இருந்து பார்த்தவன்.  நேரே லாயத்துக்குள் போய்ப் பெரிய சேணத்தை இறக்கினான்.

ஊருக்குத் திரும்பிப்போன துரையொருவர் விட்டுச்சென்ற ஆஸ்திரேலியக் குதிரை லாயத்தில் நின்றது. செம்பழுப்பு. முதுகு என் புருவத்தின் உயரம். முதல்நாள் அம்பிட்டிய ஏற்றத்திலேயே அது என்னைத் தாண்டிவிட்டது. தாண்டியதும் பையன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, முன்னால வாங்க!"

"அதுக்கு நாலு காலு தம்பி. எனக்கு ரெண்டுதான்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிரை பாதையை விட்டு இறங்கி வேலியோரம் புல் மேயத் தொடங்கியது. இரண்டாம் நாள் அரை மைல் முந்தி ஓடினேன். நேர்ப்பாதையில் என்னை எட்டும்வரை நன்றாக வந்தது, எட்டியதும் நின்றது. மூன்றாம் நாள் கால் வைக்கும் அங்கவடியின் வாரைக் குறைத்தேன். நான்காம் நாள் சேணத்தை மாற்றினேன். ஐந்தாம் நாள் கடிவாளத்தையும். ஒவ்வொரு மாலையும் மிச்ச நாட்களை விரலில் எண்ணினேன். கொள்ளு ஊறவைக்க மறந்தேன். பையன் சாப்பாட்டை விட்டு எழுந்து லாயத்தைச் சுற்றி நடந்தான்.

"நல்லாத்தானே ஏறி உக்காந்திருக்காரு, மொதலாளி" என்றேன்.

"குந்திட்டு ஈக்கிறத்துக்குக் கதிரை போதும்டா. குதிரை என்னத்துக்கு?" என்றார் முதலாளி.

ஆறாம் நாள் காலை பழைய மட்டக்குதிரையில் அவன் வாவிக்குப் போனான், தண்ணீர் காட்ட. நான் வழக்கம்போல் முன்னால் போனேன். என் தோளிலிருந்த துண்டு காற்றில் பறந்து இடப்பக்கம் விழுந்தது. எடுக்கப் போனேன். மட்டக்குதிரையும் என் பின்னால் இடப்பக்கம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பையனின் வலது கை லகானை இழுத்துப் பிடித்திருந்தது. குதிரையின் வாயோரம் வலப்பக்கம் கோணியிருந்தது. கால்கள் மட்டும் என்னிடம் வந்துகொண்டிருந்தன.

 அன்று மத்தியானம் அம்பிட்டியவில் பாதை பிரியும் இடத்துக்கு அதே மட்டக்குதிரையில் அவனை அழைத்துப் போனேன். இடது பாதை தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்கு. வலது, வயலுக்கு இறங்கும் ஒற்றையடி.

"தம்பி, நீங்க இடப்பக்கம் இழுங்க. நான் என்ன செஞ்சாலும் விடாதீங்க."

நான் வலப்பக்கம் ஓடினேன். மட்டக்குதிரை வலப்பக்கம் வந்தது. மூன்று முறை செய்தோம். ஒருமுறை நான் ஓடவில்லை. எப்போதும் செய்வதுபோல் நாக்கை மேலண்ணத்தில் தட்டிச் சத்தம் மட்டும் கொடுத்தேன். குதிரை ஓட்டம் எடுத்தது. அவன் கால் அதன் விலாவைத் தொடவேயில்லை.

பையன் இறங்கினான். 

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஓட்டல்லயா?"

"இல்ல தம்பி. அது என் முதுகைப் பாத்துக்கிட்டு வந்திருக்கு."

"ஏழு வருஷமா நான் சாமானா? அரிசி மூட்டையா?"

"மூட்டைன்னா கட்டணும். நீங்க கட்டாமலே இருந்தீங்க."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் லகானை என் காலடியில் எறிந்துவிட்டு லாயம்வரை தனியே நடந்தான். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு, நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல், பின்னால் போனேன்.

தப்பு அவனுடையதல்ல. கண்டியில் இருந்த குதிரைக்காரர் எல்லாரும் குதிரைகளை அப்படித்தான் பழக்கினோம். மேலே இருப்பவர் விழாமல் இருந்தால் அவருக்கு ஓட்டத் தெரியும் என்று நம்பினோம், அவர்களும் நம்பினார்கள்.

ஏழாம் நாளிலிருந்து நான் ஓடவில்லை. பாதை பிரியும் இடத்தில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்தேன். கை காட்டிவிடுவேன் என்பதால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சத்தம் கொடுத்துவிடுவேன் என்பதால் வாய் நிறைய வெற்றிலை. பையன் பெரிய குதிரையில் என்னை விட்டுப் போகவும் திரும்பி வரவும் வேண்டும், அவ்வளவுதான். அன்று குதிரை வேலியோரம் மேய்ந்தது. அவன் திட்டினான், குதித்தான், மறுபடி ஏறினான். உட்கார்ந்திருப்பது ஓடுவதைவிடக் கடினம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எட்டாம் நாள் மதியத்துக்கு மேல் குதிரை ஒருமுறை அவன் இழுத்த பக்கம் திரும்பியது. ஒன்பதாம் நாள் வளைவுக்கு அப்பால் போய் மறைந்து, நான் நூறு எண்ணுவதற்குள் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மிருகத்துக்கு என் முதுகு ஒரு பொருட்டே அல்ல. அதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

பத்தாம் நாள் மழை. விடிந்ததும் பையோடு போனான். நான் ஒரே மட்டக்குதிரையை இரண்டு முறை கழுவித் துடைத்தேன்.

"அதுட தோல உரிச்சிராதடா" என்றார் முதலாளி. அவரும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டுதான் இருந்தார்.

பையனின் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்கதவுக்கு மூன்று முறை வந்தார். இரண்டு முறை "வந்திட்டானா?" என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. பிற்பகலில், பாதிவழியில் திரும்பிவந்த வண்டிக்காரர்கள், தலாத்துஓயாவுக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது என்றார்கள். அதைக் கேட்டு முடிப்பதற்குள் என் கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

பாதை பிரியும் இடத்தில் நின்றேன். மேலே போனால் என்னைப் பார்ப்பான். பார்த்தால் குதிரையை விட்டு என்னைப் பிடித்துக்கொள்வான். பக்கத்துப் பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மழை இலையிலிருந்து பிடரியில் சொட்டியது. கடைசியில் குளம்புச் சத்தம் கேட்டது. குதிரை வயிறுவரை சேறு. பிரிவில் அது வயல் பக்கம் தலையைத் திருப்பியது. பையன் லகானை மாற்றிப் பிடித்தான், முழங்காலால் ஒரு இடி கொடுத்தான். குதிரை கண்டிப் பாதைக்கு வந்தது. அவன் அக்கம்பக்கம் பார்க்கவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். குதிரைக்குப் பின்னால் ஓடியது அதுதான் முதல் தடவை. சேறு முழுவதும் என் முகத்தில்.

நான் ஸ்டோர் வாசலை அடைந்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. பை மேசை மேல் கிடந்தது. அவன் வந்து சேர்ந்தபோது மணி பாதிதான் அடித்திருந்ததாம். "அடிச்சா அடிச்சதுதான்" என்றார் கணக்கெழுதும் கிளாக்கர். துரை வெளியே வந்து குதிரையின் வயிற்றைப் பார்த்தார், வண்டிகளே வராத வெறும் முற்றத்தைப் பார்த்தார். பையைக் கையில் எடுத்துக்கொண்டு, நாளைக்கும் வரச் சொன்னார்.

"மண் சரிஞ்சிச்சாமே?" என்று கேட்டேன்.

"வண்டிக்காரனெல்லாம் நில்லு நில்லுன்னானுங்க. வரப்பால எறக்கினேன்."

"எறங்குச்சா அது?"

"நான் எறக்கினேன், அண்ணே." என் முகத்தைப் பார்த்தான். "நீங்க எங்க ஈந்தீங்க?"

"லாயத்துல."

"லாயத்துல நல்ல சேறு போல" என்றான்.

மறுநாள் குண்டசாலைக்குப் போகிற ஒரு துரைக்கு முன்னால் ஓடினேன். நல்ல சவாரிக்காரர் என்று பெயர் எடுத்தவர். வழியில் பாதை பிரியும் ஓர் இடம் வந்ததும் கால் அரித்தது. தவறான பக்கம் ஓடினேன். பின்னால் லகானை இழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு மட்டக்குதிரைக்கு ஒரு வசவு, பிறகு எனக்கு ஒன்று. குளம்புச் சத்தம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.