அக்காவாக எடுத்த படம்

படங்களைச் சேர்த்து வைத்திருந்த பழைய மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். புதியதற்கு மாற்றியபோது, நான் எழுதி வைத்திருந்த பெயர்கள் எதுவும் வரவில்லை. அதுவே முகம் பார்த்து, மாலை போட்ட அக்கா படத்தை என் சிறுவயதுப் படங்களோடு சேர்த்துவிட்டு, "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது.

உத்திரமேரூர் ஸ்டுடியோவின் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. அக்கா ஏரியில் மூழ்கிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. படையலுக்கு வைக்க வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. நைனா அவள் பாவாடையை எனக்குக் கட்டி, ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"அக்கா மாரியே கீற. சிரிக்காம குந்து."

"எனக்குமா நைனா மாலை போடுவாங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனை வருடமும் அந்தப் படத்துக்குத்தான் கற்பூரம் காட்டினோம். அக்காவின் சொந்த முகம் எனக்கு ஞாபகமில்லை.

"இல்லை" என்பதை அழுத்தினேன்.