பாடசாலை வாசலில் நீலச் சாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரிகாலம். கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அன்று கணிதப் பரீட்சை. அதில் தவறினால் அடுத்த வருடம் விஞ்ஞான வகுப்புக் கிடைக்காது. விஞ்ஞானம் இல்லையென்றால் எனக்கு உலகமே இல்லை, அப்படியொரு பைத்தியம்!

பாதி வழியிலேயே காற்று குடையைப் பிய்த்துவிட்டது. நனைந்த வெள்ளைச் சீருடை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கூட வந்த வாப்பா, தோளில் கிடந்த மாற்று லுங்கியை, அந்த நீலச் சாரத்தை, என்மேல் சுற்றிவிட்டு, வயலில் வெள்ளம் என்று திரும்பி ஓடினார்.

வாசலில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர். அவர் மட்டும் குடைக்குள்.

"வெள்ளையத் தவிர ஒண்டும் உள்ள போகாது. சாரத்தக் கழட்டிட்டு வா."

எப்படிக் கழற்றுவது? அந்தக் கோலத்தில் அத்தனை பேர் முன்னால் நிற்க முடியுமா? அதை அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மணி வேறு அடித்துவிட்டது. அழுகை முட்டியது.

எதிர்வீட்டிலிருந்து, முன்பின் அறியாத ஒரு மாமி மழையில் இறங்கி வந்தார். கையில் தொழுகைக்கு உடுத்தும் நீண்ட வெள்ளைத் துணி. அதை என் தலையோடு போர்த்தி, உள்ளால் கையை விட்டுச் சாரத்தை உருவி எடுத்தார்.

"இப்ப பாருங்க சேர், எங்கயாவது கலர் கிடக்கா?"

"இது சீருடை இல்லயே..."

"இத உடுத்து அல்லாஹ்ட முன்னால நிக்கலாம், உங்கட வாசலுக்குள்ள போக ஏலாதா?"

பின்னால் நனைந்து நின்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். சேர் ஒதுங்கி வழிவிட்டார்.

"ஓடு மகள். லுஹர் தொழ முதல் கொண்டு வந்து தா."

அத்தர் மணக்கும் அந்தத் துணியில் மை பட்டுவிடுமோ என்று இடக்கையால் இழுத்துப் பிடித்தபடியே பரீட்சை எழுதினேன். கணக்கும் எப்படியோ வந்தது.

முடிந்ததும் ஓடினால், பாங்கு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துணி முழுக்க என் ஈரம்.

"வேற உடுத்துத் தொழுங்க மாமி," என்றேன் கூச்சத்தோடு.

"வேற எங்க புள்ள கிடக்கு? மழைத் தண்ணிதானே, அது சுத்தம்தான்," என்றவர், அதைப் பிழிந்து உதறிப் போர்த்திக்கொண்டு தொழப் போனார்.

விஞ்ஞான வகுப்புக் கிடைத்தது. அங்கே எவ்வளவோ படித்தேன். ஆனாலும் மழை இரையும்போதெல்லாம், யாரோ ஒரு பிள்ளைக்காக அந்த மாமி அன்று தன் உடம்பில் வாங்கிக்கொண்ட குளிரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.