எனக்காக அவர் சொன்ன வார்த்தை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில் நடந்தது இது. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் இடத்தில் எனக்கு வேலை. மூன்று நாளாக வயிறு உப்பிக் கிடந்தது. வெளிக்குப் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரரிடம்கூட வாய்வுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டு, சோடாவும் மாத்திரையுமாக ஓட்டினேன். கோவில்பட்டியில் அக்கா வீட்டில் போய்ப் படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும் என்று கிளம்பியிருந்தேன்.

பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தேன். பச்சையாக வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஆடு வளர்ப்பவர். ஆட்டுக்கு மருந்து வாங்கப் போய்க்கொண்டிருந்தார். என் முதுகைத் தடவிவிட்டவர், வயிற்றிலும் கை வைத்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கே தாயி. வெளிக்குப் போனியா? காத்தாவது பிரியுதா?"

இத்தனை பேருக்கு நடுவே கேட்கிறாரே என்று கூசிப்போனேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். எத்தனை நாள் என்றதற்கு மூன்று விரலைக் காட்டினேன்.

"ஆட்டுக்கு இப்படி அடைச்சாலே நாங்க சும்மா இருக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்கு வா."

இறங்கியதும் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டரிடம் நான் மறுபடியும் "லேசா வயித்து வலி" என்றேன்.

"லேசா இல்ல சார். மூணு நாளா வெளிக்கு இருக்கல, காத்தும் பிரியல, பச்சையா வாந்தி எடுக்கா" என்றார் அவர்.

டாக்டரின் முகம் மாறியது. பழைய சிசேரியன் தழும்பில் குடல் ஒட்டி முறுக்கிக்கொண்டிருந்ததாம். தின்றதையெல்லாம் ஓயாமல் முன்னே தள்ளிக்கொண்டிருக்கும் குடல், அந்த இடத்தில் அடைபட்டு நின்றுவிட்டது. அன்றே ஆபரேஷன். தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் குழாய், காற்று பிரியும்வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடல் அசையும் சத்தம் கேட்கிறதா என்று டாக்டர் தினமும் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்ப்பார். நான்காம் நாள் காலை காற்று பிரிந்தது. வார்டுக்கே கேட்கும்படி, "சிஸ்டர், காத்து பிரிஞ்சிட்டு" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன்.

அந்த அம்மா, என் அக்கா வந்து சேர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரியை விட்டுப் போனாராம். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. நான் சொல்லக் கூசியதை அவர் எனக்காகச் சொன்னதால்தான் ஒவ்வொரு வேளையும் எனக்குச் சோறு இறங்குகிறது என்பதைச் சாப்பிட்டு எழும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.