புதுவாயல் கபடித் திடலில் ஒரு 135 எம்எம் லென்ஸ்

ரீட்டா ஓடத் தொடங்கினால் எந்தக் கைப்பேசியிலும் சிக்குவதில்லை. என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவின் தங்கை அவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி. "ஒரு போட்டோல கூட எனக்கு மூஞ்சி இல்லக்கா. தண்ணி ஊத்தி அழிச்ச மாதிரி கீது," என்றாள் போனில். தை மாதக் கடைசி ஞாயிறு புதுவாயலில் பெண்கள் ஆட்டம் என்று தெரிந்ததும், முகத்தோடு ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

அதற்காகவே 135 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை நாள் வாடகை 1,200 ரூபாய்க்கு எடுத்தேன். தூரத்தில் இருப்பவரை அருகே காட்டும், மங்கிய வெளிச்சத்திலும் வேகமாகப் படம் பிடிக்கும். ஆனால் ஜூம் கிடையாது. நெருங்க வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும்.

சென்ட்ரலில் பகல் ஒன்றரை மணி வாக்கில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தேன். மீஞ்சூரில்தான் உட்கார இடம் கிடைத்தது. கவரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். மடியில் பையை அணைத்திருந்ததைப் பார்த்த டிரைவர், "இன்னாம்மா, கொழந்தையாட்டம் புட்ச்சிகினு கீற?" என்றார். வாடகைச் சாமான் என்றேன். அதன் பிறகு பள்ளம் வந்த இடமெல்லாம் வண்டியை மெதுவாக்கினார்.

நெடுஞ்சாலைக் கடைகளுக்குப் பின்னால் திடல். முதலில் எல்லைக் கோட்டை ஒட்டியே நின்றேன். பெரிய தவறு. லென்ஸில் பாதித் தோள்தான் தெரிந்தது. யோசித்து, ரீட்டாவின் அணிக்குப் பின்னால், திடலின் கடைசிக்குப் போனேன். அவள் எதிரணிப் பக்கம் ரைடு போகும்போது முதுகுதான் தெரியும். தப்பித்துத் திரும்பி வரும் அந்த நொடியில்தான் முகம். அதை நம்பி உட்கார்ந்தேன். பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறியதும் நானும் எழுந்து மாறினேன்.

எஃப் 1.8-இல் ஃபோகஸ் நிற்கும் இடம் மிக மெல்லியது. எதிரணிப் பெண்ணின் காது மடல் தெளிவாக விழுந்தது, பக்கத்திலிருந்த ரீட்டா கலங்கிப் போனாள். மூன்று ரைடு இப்படி வீண். லென்ஸ் திறப்பைச் சற்றுக் குறைத்து எஃப் 2.8-க்கு மாற்றி, ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்து, ஃபோகஸ் புள்ளியை அவள் பனியன் எண்ணிலேயே நிறுத்தித் தொடர்ந்தேன். அதற்குள் வெயில் பக்கத்திலிருந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் போய்விட்டது. குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஏற்றினேன். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும்.

கடைசி ரைடு. ரீட்டாவின் அணி ஒரு புள்ளி பின்னால். அவள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். எதிரணி மூலையில் நின்ற அமுதா என்ற பெண் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். மேலே இன்னும் இருவர். ரீட்டா தரையோடு தரையாக நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். ஒரு சாண் பாக்கி. விசில். நான் ஷட்டர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

ஆட்டத்தில் அவள் முகம் தெளிவாக விழுந்தது விடாமல் எடுத்த அந்தக் கடைசிப் படங்களில் மட்டும்தான். காட்டவே தயக்கமாக இருந்தது. "அவுட் ஆனதுதான் நல்லா வந்திருக்கு," என்றேன்.

முழங்கை மண்ணைத் துடைத்துக்கொண்டே நெடுநேரம் பார்த்தாள். "மூணு பேரயும் இஸ்துகினு வந்துகீறேன் பாருக்கா. இத்தயே குடு."

பிறகு தனியாக ஒரு படம் கேட்டாள். ஆறேழு மீட்டர் தள்ளி நின்றேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்தா?" என்று சிரித்தாள். முகத்துக்கு நேரே கேமரா நீட்டாததால் சீக்கிரமே என்னை மறந்து கூந்தலை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினாள். இப்போது எஃப் 1.8. பின்னால் போன லாரிகள் வெறும் வெளிச்சமாகக் கரைந்தன.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே ஒரு லென்ஸ் போதும், ஆனால் எங்கே நிற்பது என்பதை முதல் ஆட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். மண் பறக்கும், திடலில் லென்ஸைக் கழற்றாதீர்கள். திரும்பும் ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்து வையுங்கள். இருநூறு படத்தில் பன்னிரண்டு தேறியது எனக்கு. அது குறைவில்லை.

மறுநாள் படங்களை அனுப்பினேன். மாலையில் ரீட்டாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அக்கா, அந்த அமுதா நம்பர வாங்கிகினேன். என் கால புட்ச்சிகினு கீறா பாரு, அவ மூஞ்சியும் சூப்பரா வந்துகீது. அவுளுக்கும் ஒண்ணு அனுப்பிடு."