ஒட்டாவாப் பயணமும் தர்சினியின் இடது காலும்

1. ஒற்றைச் சப்பாத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கோச் ஜோன் என் கையில் ஒரு சாவிக்கொத்தைத் தந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இந்த அறைக்குள்ளே வருவதெல்லாம் ஈரமாகத்தான் வரும். வெளியே போவதெல்லாம் காய்ந்திருக்கவேண்டும்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை நான் தமிழில்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் எனக்கு அவருடைய பேச்சில் பாதிதான் விளங்கும். மீதியை அவருடைய முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் ஜிம்மில், எக்விப்மென்ட் ரூம் பொறுப்பு எனக்கு. பந்துகள், ஜேர்சிகள், வேர்வை துடைக்கும் துவாய்கள், இரண்டு பெரிய வோஷிங் மெசின், ஒரு ஐஸ் மெசின், இவை எல்லாம் என் ராச்சியம். முதல் ஆறு மாதம் ஆண்கள் ரீம், பெண்கள் ரீம் என்று இரண்டு அணியையும் பார்த்தேன். பிறகு பெண்கள் கூடைப்பந்து ரீமை மட்டும் தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள். இங்கே நாளும் முப்பது பந்துக்குக் காற்றடிப்பேன், துடைப்பேன், அடுக்குவேன். ஒன்றையாவது கூடைக்குள் எறிந்து பார்க்கக் கை உன்னும். வேலை செய்யவந்த இடத்தில் விளையாடினால் என்ன நினைப்பார்களோ என்று வைத்துவிடுவேன்.

ரீமில் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருத்திதான் தமிழ். தர்சினி. பத்தொன்பது வயது, பதினோராம் நம்பர், நல்ல உயரம். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தாயோடு இருந்தாள். மற்றப் பிள்ளைகள் என்னை வசந்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் அன்ரி.

அது பெப்ரவரி மாதம். வரும் சனிக்கிழமை ஒட்டாவாவில் ஒரு கேம், ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் கிங்ஸ்ரனில் ஒரு கேம். எங்கள் லீக்கில் வெளியூர் போய் ஆடும் கடைசி ரோட் கேம்ஸ். இரண்டையும் வென்றால் அடுத்த சுற்றான பிளேஓஃப் போகலாம். ஒன்றில் தோற்றாலும் அந்த வருடம் முடிந்தது. ரீமோடு போகிற மாணவ மானேஜர் படிப்பை விட்டுப் போயிருந்ததால் முதல் தடவையாக என்னையும் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். திங்கட்கிழமையே லிஸ்ட் போட்டு அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிராக்டிஸுக்கு முன் தர்சினி, நான் சாமான் எடுத்துக் கொடுக்கும் யன்னலடிக்கு வந்தாள்.

"அன்ரி, லெஃப்ட் சப்பாத்து மட்டும் ஹாஃப் சைஸ் பெரிசா இருக்கோ?"

"ஒரு காலுக்கு மட்டுமோ? ஏன் பிள்ளை?"

"சும்மாதான். இறுக்கமா இருக்கு."

"காலைக் காட்டு."

"நோ அன்ரி, இட்ஸ் ஃபைன்."

"காட்டு எண்டுறன்."

கதவைத் திறந்து உள்ளே இருத்தி சொக்ஸைக் கழற்றினேன். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. அவ்வளவு வீக்கம். கீழே நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லையாம். படியால் இறங்கும்போது பிரண்டுவிட்டது. திங்கட்கிழமை பிராக்டிஸை அந்தக் காலோடுதான் செய்திருக்கிறாள்.

"கெவினிட்டைக் காட்டினியோ?"

கெவின் ரீமில் அடி, காயம் பார்க்கும் தெரப்பிஸ்ட்.

"காட்டினா விளையாட விடமாட்டான். அன்ரி, சனிக்கிழமை அப்பா வாறார். மொன்றியலிலை இருந்து, என்ர கேம் பாக்க. அவர் கடைசியா என்னைப் பாக்கேக்கை எனக்குப் பன்ரண்டு வயசு."

அவளுடைய தாய் தகப்பன் பிரிந்து வாழ்பவர்கள் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடையே இதைப்பற்றி யாரும் நேராகப் பேசுவதில்லை. தகப்பனின் பெயரையே வீட்டில் எடுப்பதில்லையாம். அவளே மொன்றியலில் உள்ள ஒரு சொந்தக்காரரிடம் நம்பர் வாங்கி, கல்லூரி ரெலிபோனில் இருந்து அவரோடு பேசியிருக்கிறாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "சனிக்கிழமை மட்டும் அன்ரி. ஞாயிற்றுக்கிழமை வேணுமெண்டா விளையாடாமல் வாங்கிலை இருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ்."

ஐஸ் வைத்து, பண்டேஜ் எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டு, ஹாஃப் சைஸ் பெரிய சப்பாத்தையும் கொடுத்தேன். கட்டிவிட்டதே ஓம் என்று சொன்னதுதான். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

2. வியாழக்கிழமை

புதனும் அப்படியே போயிற்று. பிராக்டிஸுக்கு முன் வருவாள், கட்டிவிடுவேன். முடிந்ததும் வருவாள், ஐஸ் வைப்பேன். அந்த நேரங்களில் தகப்பனைப்பற்றியே கதைப்பாள். அவர் மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்தில் ஒட்டாவாவுக்கு வந்துவிடலாம், கூடைப்பந்து என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

"போனிலை கேக்கிறார் அன்ரி, எத்தினை கோல் அடிப்பாய் எண்டு. கோல் இல்லை அப்பா, பாஸ்கட் எண்டு சொன்னன். சரி, எத்தினை பாஸ்கட் எண்டார். பத்து எண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு வருடமாகப் பார்க்காத தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு. எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது. எதிர்பார்ப்பதற்கு ஒருவர் இருக்கிறாரே என்று.

வியாழக்கிழமை துவாய்க்கூடையோடு ஜிம்முக்குள் போனேன். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பாய்ந்து பிடிக்கும் ரீபவுண்ட் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தர்சினி எழும்பிப் பந்தைப் பிடித்தாள். கீழே வரும்போது இடது காலை மடக்கிக்கொண்டு வலது காலில் மட்டும் வந்து நின்றாள். பக்கத்தில் வந்தவள் இலேசாக முட்டினாள். தர்சினியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு விநாடிதான். பிறகு ஓடினாள். கோச் காணவில்லை. நான் கண்டேன்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கோச்சுக்கும் தெரப்பிஸ்டுக்கும் தெரியாதது எங்களுக்குத் தெரியவரும். சப்பாத்தும் சொக்ஸும் துவாயும் எங்களிடம் வருகின்றன. இரத்தமோ, வயிறு பிரட்டி எடுத்த சத்தியோ, அழுகையோ, எல்லாம் எங்கள் கூடைக்குள்தான். சனிக்கிழமை அந்தக் காலோடு நாற்பது நிமிடம் ஓடினால் அது எப்படி முறியும் என்று எனக்குக் கண்முன்னே தெரிந்தது. முறிந்தால், கட்டிவிட்ட கை என்னுடையது.

நான் நேரே கெவினிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

பிராக்டிஸ் முடிந்து அரை மணித்தியாலத்தில் தர்சினி வந்தாள். வெறுங்காலோடு, ஒரு கையில் சப்பாத்து.

"நீங்கள்தான் சொன்னது, என்ன?"

"ஓம்."

"நான் உங்களை நம்பினன்."

"பிள்ளை, உந்தக் காலோடை..."

"டோன்ட். பிள்ளை எண்டு கூப்பிடாதேங்கோ."

பெரிய சைஸ் சப்பாத்தை யன்னல் மேடையில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டு போனாள். அவள் போட்டிருந்தது மூன்று நாள்தான்.

3. பஸ்ஸில் ஓர் இருக்கை

கெவின் பார்த்து இரண்டு கிழமை விளையாட்டே இல்லை என்றான். கோச் பயணப் பட்டியலைத் திருத்தி ஒட்டினார். பதினோராம் நம்பர் இல்லை. விளையாடாதவர்களை ரோட் கேமுக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமில்லை. ஹோட்டல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆள்கணக்கு இருந்தது.

தகப்பன் ஒட்டாவாவுக்கு வருவார், மகள் ரொறன்ரோவில் இருப்பாள். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு போய் இறங்குகிற தரிப்பைத் தவறவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கோச்சின் அறைக்குப் போனேன். அந்த வேலையில் நான் எனக்கென்று எதையும் கேட்டதில்லை. லீவுகூட.

"தர்சினியும் வரவேண்டும்" என்றேன்.

"காயம் பட்டவர்கள் வருவதில்லை, வசந்தா."

"அவளுடைய அப்பா வருகிறார். ஏழு வருடமாகப் பார்க்கவில்லை."

கோச் பேனையை வைத்தார். "இதை ஏன் அவள் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்ல வெட்கம்."

பயணப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஹோட்டலில் உன்னுடைய அறையில் படுப்பாளா?" என்று கேட்டார்.

"படுப்பாள்."

"அப்படியென்றால் உனக்கு உதவியாளாகப் போட்டுக்கொள். தண்ணிப் போத்தல் அவளுடைய பொறுப்பு."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ். தர்சினி ரீம் ரக்சூட்டோடு ஊன்றுகோல் பிடித்து வந்தாள். எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் பின்னால் போய் இருந்தாள். ஐந்து மணித்தியாலம் ஒரு சொல் பேசவில்லை. தகப்பனுக்குப் போன் செய்து விளையாடவில்லை என்று சொல்லிவிட்டாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

4. பிளாஷ்

சொல்லவில்லை என்பது கேம் தொடங்கியதும் தெரிந்துவிட்டது.

கூட்டம் அதிகமில்லை. மூன்றாவது வரிசையில் தடித்த கோட்டுக்குள் கழுத்துப்பட்டியும் கட்டிய ஒரு மனிதர் தனியாக இருந்தார். கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போவதுபோல உடுத்திருந்தார். கழுத்தில் கமரா. ஐந்து பேரும் கோர்ட்டுக்குள் போனதும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மாற்றுப் பிள்ளைகள் இருக்கும் வாங்கைப் பார்த்தார். தர்சினி குனிந்தபடி துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த துவாய்கள்.

நான் தண்ணி நிரப்பப் போகிற சாட்டில் அவரடிக்குப் போனேன்.

"நீங்கள் தர்சினியின்ரை அப்பாவோ?"

எழும்பி நின்றார். "ஓம் தங்கச்சி. ஏன் பிள்ளையை இருத்தி வைச்சிருக்கினம்? ஏதும் பிழை விட்டிட்டாளோ?"

"இல்லை அண்ணை. காலிலை அடி. விளையாடக்கூடாது எண்டிட்டினம்."

"அப்ப ஏன் வந்தவள்?"

"நீங்கள் வாறீங்கள் எண்டு."

அவர் மெல்ல இருந்தார். நான் திரும்பி வந்து பார்த்தபோது கமராவைக் கண்ணில் வைத்திருந்தார்.

தர்சினி தண்ணிப் போத்தல் நீட்டும்போது ஒரு பிளாஷ். துவாய் கொடுக்கும்போது ஒன்று. கேம் மற்றப் பக்கத்தில் நடக்கும், அவர் வாங்கைத்தான் எடுப்பார். ஐந்தாறு தடவை ஆனதும் நடுவர் விசிலடித்துக் கேமை நிற்பாட்டினார். பிளாஷ் அடிப்பவர் நிறுத்தவேண்டும் என்று ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். முழு ஜிம்மும் திரும்பிப் பார்த்தது. அவருக்கு என்ன சொன்னார்களென்று விளங்கவில்லை. தன்னைப் பார்க்கிறார்களே என்று மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு இன்னுமொன்று எடுத்தார்.

பக்கத்தில் இருந்த பிள்ளை, "யார் அந்த ஆள்?" என்று கேட்டாள்.

தர்சினியின் முகம் சிவந்திருந்தது. பிறகு உதடு துடிக்கத் தொடங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி நின்று, "தற்ஸ் மை டாட்!" என்றாள், வாங்கு முழுவதற்கும் கேட்கிறமாதிரி. அவரைப் பார்த்துக் கையை ஆட்டி, "அப்பா, பிளாஷ் அடியாதேங்கோ!" என்று கத்தினாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு நேரில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்தக் கேமை நாங்கள் ஒன்பது புள்ளியால் தோற்றோம். அவள் விளையாடியிருந்தால் வென்றிருப்போமா? இருக்கலாம்.

5. நாலு பந்து

ஐந்து மணிக்கு அவருக்குத் திரும்பிப்போக பஸ். பிள்ளைகள் உடுப்பு மாற்ற, நான் பந்து பொறுக்க, அந்த நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. இருவரும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என்ன கதைப்பதென்று தெரியவில்லை போலிருந்தது. பள்ளிக்கூடம், குளிர், பஸ். அவர் தாயைப்பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு அவர், "உது எப்பிடிப் போடுறது?" என்று கூடையைக் காட்டினார்.

தர்சினி என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். ஒரு பந்தை உருட்டிவிட்டேன். ஃபிறீ த்ரோக் கோட்டில் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு வலது காலில் நின்றாள். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வளையத்தைத் தொடவேயில்லை. கதவடியில் கோச் நின்றார். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை.

நாலாவது உள்ளே போனது.

அவர் கைதட்டினார். தனியொருவர் கைதட்டும் சத்தம் அந்தப் பெரிய ஜிம்மில் எப்படி இருந்ததென்று எனக்கு எழுதத் தெரியாது. "பத்து எண்டாய்?" என்று கேட்டார். "மிச்சம் அடுத்த வருசம் அப்பா" என்றாள்.

அடுத்த வருடம் அவர் கனடாவில் இல்லை. லண்டனில் இருந்த தமையனிடம் போய்விட்டார். தர்சினி கால் சுகமாகி மேலும் இரண்டு வருடம் விளையாடினாள், கப்டனாகவும் இருந்தாள். இரண்டு தடவையும் நாங்கள் ஒட்டாவா போனோம். ஒரு கேமில் இருபத்திரண்டு புள்ளி போட்டாள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவளும் பார்ப்பதைக் கண்டேன். தன் மகள் ஓடி விளையாடுவதை அந்த மனிதர் ஒருநாளும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்ரனில் இருந்து திரும்பும்போது தர்சினி என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அன்ரி, நீங்கள் சொன்னது பிழையில்லை" என்றாள். "ஆனா என்னட்டை முதல் சொல்லியிருக்கலாம். 'நான் சொல்லப்போறன்' எண்டு. அப்ப நானே போய்ச் சொல்லியிருப்பன்."

அவள் சொன்னது உண்மை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கண்டதைச் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம். ஆனால் யாரைப்பற்றிச் சொல்லப்போகிறீர்களோ, அந்த ஆளிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நான் அப்படித்தான் செய்தேன். ஆனாலும் மனம் அந்த ஒரு வியாழக்கிழமைக்குத்தான் திரும்பித் திரும்பிப் போகிறது. துவாய்க்கூடையைக் கீழே வைத்துவிட்டு, கோர்ட்டுக்குக் குறுக்கே நடந்துபோய், அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில், "பிள்ளை, இங்கை ஒருக்கா வா" என்று கூப்பிடவேண்டும்போல இருக்கிறது.