ஒரு நிமிஷம் சும்மா இருங்க

என்னிடம் ஒரு பழைய ஹெட்போன் இருக்கிறது. ஒரு காதுப் பஞ்சு பிய்ந்துபோய், அதன் மேல் நீல நிறப் பருத்தித் துணி வளைத்துத் தைக்கப்பட்டிருக்கும். தன் பழைய சேலையிலிருந்து கிழித்துத் தைத்தவர் அக்கா. தையல் அவருக்குச் சுத்தமாக வராது. ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் கோணலாகவும் நூல் ஓடியிருக்கும். “புதுசு வாங்கிக்கலாமேக்கா” என்றால், “காது கேக்குதில்ல? அப்புறம் என்ன?” என்பார். இப்போது நான் அதை மாட்டிக்கொள்வது அபூர்வம். ஆனால் வேறு யாரையும் தொடவிடுவதில்லை. அழுக்காக இருக்கிறதே, துவைத்துத் தருகிறேன் என்று என் மனைவி ஒருமுறை எடுத்ததற்கு வீட்டில் பெரிய ரகளையே நடந்தது.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும், கோஷம் போடுகிறவர்களுக்கும் அவர் அக்காதான், கோஷம் போட்டவர்களை வேனில் ஏற்றுகிற போலீஸ்காரர்களுக்கும் அக்காதான். முதலில் பத்திரிகை நிருபராக இருந்தார். ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி ஒருவருக்குக் கை போனது. இவர் எழுதி அனுப்பியது பக்கம் பக்கமாக. அச்சில் வந்தது ‘தனியார் தொழிற்சாலையில் தொழிலாளி காயம்’ என்று ஒரு மூலையில் சில வரிகள். “கையையே காணோம், அதுக்குப் பேரு காயமா?” என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகவில்லை. அதன் பிறகுதான் கேமரா. கிரானைட் குவாரிகள், தொழிற்பேட்டைக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருப்பவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று படம் படமாக எடுத்தார். எதுவுமே தியேட்டருக்கு வராது. பள்ளிக்கூடத்திலும் சங்க ஆபீசிலும் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டுவார். குவாரித் தூசிக்குள் நின்று நின்று மூச்சிரைப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

நான் ராயக்கோட்டையில் மைக் செட் வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும், அதுதான் என் தொழில். அக்காவின் படம் ஒன்றுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனவனை, “அப்படியே இந்த மைக்கையும் கொஞ்சம் புடிப்பா” என்று சொல்லி இழுத்துக்கொண்டார். பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன். முதல் நாளே என்னைத் திகைக்க வைத்தது ரூம் டோன் என்ற சமாச்சாரம். ஒருவர் பேசி முடித்ததும் யாரும் எழக் கூடாது. பேசாமல் உட்கார்ந்து அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு நடுவே விழுகிற ஓட்டைகளை அடைக்க அது வேண்டுமாம். சத்தத்தை வைத்துப் பிழைத்தவனிடம் ஒன்றும் இல்லாததைப் பதிவு செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? இந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதை விளக்குவது லேசான காரியம் இல்லை. “ஒரு நிமிஷம் சும்மா இருங்க” என்று அக்கா சொன்னதும், சங்கத்து ஆட்களாக இருந்தால் சட்டென்று எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வார்கள். மௌன அஞ்சலி என்றால் அவர்களுக்குக் கால் தானாக எழுந்துவிடும். ஒரு பெரியவர் நிமிஷம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரும்மா தவறிட்டாங்க?” என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு வேறு தொல்லை. எல்லோரும் அடங்கியிருக்கும்போது என் காதில் ஒரு சத்தம் மட்டும் கேட்கும், ஓட்டை விழுந்த சைக்கிள் டியூப் மாதிரி, மெல்லிய விசில். அக்காவின் மூச்சு. “உங்க மூச்சு வருதுக்கா, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க” என்பேன். “பேசினவங்களைத் தனியா உட்டுட்டு எங்கப்பா போறது?” என்று நகரவே மாட்டார். கெட்டுப்போன ரூம் டோன்களாகவே சேர்ந்தன. ஒரே ஒரு தடவையாவது சுத்தமாக ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று நான் புலம்பாத நாள் இல்லை.

குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டிய ஒரு வீட்டில், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணைப் பார்த்தோம். பிரஸ் மெஷினில் வலது கை விரல்களைப் பறிகொடுத்த ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் மாவரைக்கும்போது ஆனதாகச் சொல்லச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் மிரட்டியதை, தமிழில் தொடங்கித் தெலுங்கில் அழுது மறுபடி தமிழில் முடித்தாள். அக்கா பல வருஷமாக எடுத்துக்கொண்டிருந்த படத்துக்கு அவள்தான் உயிர். அவள் பேச்சைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுப் படவிழா ஒன்றும் படத்தைத் தேர்வு செய்துவிட்டது. ஆனால் அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் திரையிடும்போது முதலில் அதில் வருகிறவர்களுக்குத்தான் காட்டுவார். பார்த்துவிட்டு யாராவது தன்னைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னால், ஏன் என்றுகூடக் கேட்காமல் எடுத்துவிடுவார். அப்படிக் காட்டிய மத்தியானம், படம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு தங்கச்சி தயங்கித் தயங்கி வந்தாள்.

“அக்கா, என்னை எடுத்துருங்கக்கா. தம்பிக்கு அதே கம்பெனில வேலை போட்டுக் குடுத்துருக்கறாங்க. இது வெளிய போச்சுன்னா அவனைத் தொரத்திருவாங்க. எங்க ஊட்ல இப்ப அவன் ஒருத்தன்தான்.”

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கத்தினேன். முகத்தை மறைக்கலாமே, குரலை மாற்றலாமே, விழா முடிந்த பிறகு அவளை எடுத்துவிடலாமே என்றெல்லாம் கேட்டேன். “அவ சோத்துல மண்ணைப் போட்டுட்டு நான் என்னத்தப் படம் காட்றது?” என்றார். விழாக்காரர்கள் படத்தைக் கைவிட்டார்கள். அன்றைக்கு அக்கா எடிட்டிங் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சில வாரம் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி குருபரப்பள்ளிக்குப் போனார். தங்கச்சியின் காதில் இந்த ஹெட்போனை மாட்டி, அந்த வீட்டின் ரூம் டோனைப் போடச் சொன்னார். “உன் மூஞ்சியும் இருக்காது, பேச்சும் இருக்காது. ஊட்டுச் சத்தம் மட்டும், ரோட்டைக் காட்டற எடத்துல வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். குக்கர், காக்கா, தூரத்தில் லாரி, பக்கத்து வீட்டுத் தெலுங்குச் சண்டை. “எங்க ஊடா இது?” என்று சிரித்தவள், புருவத்தைச் சுருக்கி, “யாரோ மூச்சு வாங்கறாங்களே” என்றாள். “அது நாந்தான். இவன் எடுத்துருவான்” என்றார் அக்கா. “வேணாங்கண்ணா, இருக்கட்டும். நான் அழுது முடிச்சதும் பக்கத்துல யாரோ இருந்தாங்கன்னு தெரியுதில்ல” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். படத்தில் ஆளில்லாத ஹைவே ஓடுகிற அந்த ஒரு நிமிஷத்தில், இன்றைக்கும் அந்த விசில் சத்தம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று என்னைத்தான் முறைப்பார்கள்.

அந்த மூச்சிரைப்பே கடைசியில் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நினைவேந்தல் வைத்தார்கள். மைக் செட் நான்தான். பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள். அக்கா பேசிய வீடியோ ஏதாவது போடேன் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். தேடியிருந்தேன், ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கப் பேசவைத்தவரை யாரும் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கவில்லை. அப்புறம் மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்தார்கள். பழக்க தோஷத்தில் ஹெட்போனை மாட்டி, ரெக்கார்டரைத் தட்டிவிட்டேன். மின்விசிறி, நாற்காலி நகர்வது, வெளியே பஸ் ஹாரன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாக நான் வேண்டும் வேண்டும் என்று புலம்பிய சுத்தமான ரூம் டோன். மிக்ஸருக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு தோளில் ஒரு கை பட்டது. குருபரப்பள்ளித் தங்கச்சி. தம்பி இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை, பெங்களூரில் இருக்கிறான் என்றாள். பிறகு எதையும் சுற்றி வளைக்காமல், “எங்க ஊட்டுச் சத்தம் இன்னும் வெச்சிருக்கறீங்களாண்ணா?” என்று கேட்டாள். லேப்டாப்பில் இருந்தது. ஹெட்போனைக் கொடுத்தேன். நீலத் துணி வைத்த பக்கத்தை, விரல் இல்லாத அந்த வலது கையால் காதோடு அழுத்திக்கொண்டாள். குக்கர் போயிருக்கும், காக்கா போயிருக்கும், லாரி போயிருக்கும். அவள் முகத்தைப் பார்த்தே எந்த இடம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“கொஞ்சம் சத்தமா வையுங்கண்ணா.”