தளபதியின் வலது தோள்

பாரிஸில் எங்கள் தெருவில் ஆறாம் மாடி வரைக்கும் முணுமுணுக்காமல் தண்ணீர் ஏற்றுகிறவன் பிளேஸ் ஒருவன்தான். இரண்டு வாளிகளையும் தாங்கும் தோல் வார் இருபது வருடமாக அழுத்தி, அவன் வலது தோள் தாழ்ந்துவிட்டது. என் முதலாளி, ஓவியர் மெர்வால், அவன் உடற்கட்டைப் பார்த்து ரோமானியத் தளபதியாக நிற்கக் கூப்பிட்டார். நான் அவரிடம் வண்ணம் அரைக்கிறவன்.

முதலில் அம்மணமாகத்தான் வரைவார்கள். எலும்பும் சதையும் சரியாக அமைந்த பிறகே துணி போர்த்துவது. தூக்கிய கை சோர்ந்து தாழாமலிருக்க, உத்திரத்தில் தொங்கிய கயிற்று வளையத்தில் இடது கையை நுழைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்கக் காலையில் நின்றான் பிளேஸ். நின்றவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "படத்துல நான்தான் தளபதி" என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். "தண்ணி தூக்குற கழுத தளபதியாம்! துய்னெத், உன் புருஷன் காலையில எந்தச் சாராயக்கடையில கெடக்கான்னு விசாரிடி!" மெல்ல மெல்ல மனைவி துய்னெத்துக்கும் சந்தேகம் தட்டியது. அதுதான் அவனை அறுத்தது.

ஆகஸ்டில் லூவர் அரண்மனையில் ஓவியக் கண்காட்சி திறந்ததும் இருவரையும் கூட்டிப்போனான். நானும் போனேன். சிவப்பு மேலங்கியில் தளபதி நின்றான், தோள்கள் இரண்டும் ஒரே மட்டமாக. முகமோ பட்டறை மூலையில் கிடக்கும் கிரேக்கப் பொம்மையின் முகம். எங்கள் தொழிலில் பழைய சிலைகளுக்கு ஒத்துவராததையெல்லாம் திருத்திவிடுவோம். இதை முன்பே அவனிடம் சொல்லாதது என் தப்பு.

"நீங்க எங்க மாப்ள? குதிரைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கீங்களா?" என்றாள் மாமியார். துய்னெத் வீடு வரைக்கும் அவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் முதலாளியிடம் கேட்டு, முதலில் வரைந்த தாளை வாங்கி வந்து அவர்கள் மேசையில் விரித்தேன். கரிக்கோட்டில் பிளேஸ், பிறந்த மேனியாக. தாழ்ந்த வலது தோள், வார் பதிந்த தழும்பு, களைத்த கண்கள்.

"அட கண்றாவியே!" என்று கிழவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். துய்னெத் அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

"இவருதாம்மா. நான் தெனம் வாத்துக் கொழுப்பு தடவுற எடம்மா இது," என்று அழுதுவிட்டாள்.

கிழவி விரலிடுக்கில் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டே பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் படத்தின் இடுப்பில் ஊசியால் குத்தி, அடுப்புக்கு மேலே மாட்டினாள்.

இப்போது யார் வந்தாலும், "எங்க மாப்ள. தளபதியா நின்னவரு," என்று அவளே காட்டுகிறாள். துணியைத் தூக்கிப் பார்க்கப் போனால்தான் கரண்டி பறக்கும்.